இறங்கியது சரி, மறுபடி எப்போது ஏறும்?

வாசகர் கேள்வி – பதில்

மீண்டும் பறக்கும் ராக்கெட்டுகள் பற்றியும் தனியார் விண்பயணம் பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பூஸ்டரை, அதாவது ராக்கெட்டின் கீழே உள்ள முதல் அடுக்கை, திரும்ப இறக்கவும் எரிபொருள் செலவாகிறதே. அந்தக் காசுக்குப் புதிதாகவே ஒன்று செய்துவிடக் கூடாதா?

பதில்: ராக்கெட்டில் இருப்பதிலேயே மலிவான சரக்கு எரிபொருள்தான். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் புறப்படும்போது அதன் எடை சுமார் 549 டன். அதில் பெரும்பங்கு திரவ ஆக்சிஜனும் சுத்திகரித்த மண்ணெண்ணெயும். அவ்வளவுக்கும் சேர்த்துச் சில லட்சம் டாலர்தான் ஆகும். அதே ராக்கெட்டை வாடகைக்கு எடுக்க நிறுவனம் அறிவித்த கட்டணமோ 2024இல் 7 கோடி டாலரை ஒட்டி இருந்தது. இடையில் இருப்பதெல்லாம் எஞ்சின், உலோகம், மின்னணுக் கருவி, ஆள்கூலி. நிறுவனத்தின் தலைவர் ஈலான் மஸ்க் சொன்ன தோராயப் பங்கீடு இது: முதல் அடுக்கு 60 சதவீதம், இரண்டாம் அடுக்கு 20, செயற்கைக்கோளை மூடியிருக்கும் மூக்குக் கூடு 10, ஏவுதள வேலைகள் 10. அந்த 60 சதவீதத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் திரும்ப இறக்குவதற்கு ஒரு விலை உண்டு. அது காசாகப் போவதில்லை, சுமையாகப் போகிறது. இறங்கத் தேவையான எரிபொருளை மிச்சம் வைக்க வேண்டும். இறங்கும் கால்களையும் திசை திருப்பும் துடுப்புகளையும் சுமந்துகொண்டே மேலே ஏற வேண்டும். பூஸ்டரைத் தியாகம் செய்தால் ஃபால்கன் 9 பூமிக்கு அருகிலுள்ள சுற்றுப்பாதைக்கு 22.8 டன் ஏற்றும். கடலில் நிற்கும் மிதவை மேடையில் இறக்குவதானால் அது சுமார் 17.5 டன்னாகக் குறைகிறது. செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைப் பாதைக்கு வழிவிடும் நீள்வட்டப் பாதைக்கு 8.3 டன் ஏற்றக்கூடியது, 5.5 டன்னோடு நின்றுவிடுகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து தரையில் இறங்குவதென்றால் இழப்பு இன்னும் கூடும்.

கேள்வி: பூஸ்டர் எப்படி நேராக நின்றபடி இறங்குகிறது? படிப்படியாக விளக்க முடியுமா?

பதில்: ஏவி இரண்டரை நிமிடத்தில், ஏறக்குறைய 65 முதல் 70 கி.மீ. உயரத்தில், மணிக்கு 8,000 கி.மீ. வேகத்தில் இரண்டு அடுக்குகளும் பிரிகின்றன. பூஸ்டர் அங்கேயே விழத் தொடங்குவதில்லை. எறிந்த கல் போல இன்னும் ஏறி, 100 கி.மீ.யைத் தாண்டி வளைந்த பிறகே இறங்கத் தொடங்கும். அந்த உயரத்தில் காற்று கிடையாது. துடுப்பு இருந்தும் பயனில்லை. ஆகவே உச்சியில் உள்ள சிறு குழாய்களில் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சித் தன்னைத் திருப்பிக்கொள்கிறது. தரைக்குத் திரும்ப வேண்டுமானால் இங்கேயே மூன்று எஞ்சின்களை எரித்து வந்த திசையை மாற்றியாக வேண்டும். மிதவை மேடைதான் இலக்கென்றால் இந்த எரிப்பு சிறியதாகவோ இல்லாமலேயோ போகும். மேடையைப் பல நூறு கி.மீ. தள்ளி நிறுத்துவது இதற்காகத்தான். பூஸ்டர் தானாக எங்கே விழுமோ அங்கே மேடை போய்க் காத்திருக்கிறது.

அடுத்தது காற்று மண்டலத்துக்குள் நுழையும் கட்டம். வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தால் அடிப்பாகம் வெந்துபோகும். மூன்று எஞ்சின்கள் இருபது நொடிக்குச் சற்று முன்பின்னாக எரிந்து வேகத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடும். மிச்ச வேகத்தைக் காற்றே தின்கிறது. இந்த நேரத்தில் திசை திருப்புவது நான்கு கட்டத் துடுப்புகள். கம்பி வலைத் தட்டு மாதிரி இருக்கும். முதலில் அலுமினியத்தில் செய்து மேலே வெப்பம் தாங்கும் பூச்சு பூசியிருந்தார்கள். சில இறக்கங்களில் ஓரங்கள் தீய்ந்துபோயின. 2017 முதல் டைட்டானியத் துடுப்புகள் வந்தன.

கடைசி அரை நிமிடம்தான் கத்தி மேல் நடப்பது. ஒன்பதில் பெரும்பாலும் நடு எஞ்சின் ஒன்று மட்டும் எரிகிறது. மெர்லின் என்ற அந்த எஞ்சினின் முழுத் தள்ளுவிசை சுமார் 845 கிலோநியூட்டன். எவ்வளவு அடக்கினாலும் 40 சதவீதத்துக்குக் கீழே போகாது. அதாவது சுமார் 340. ஏறக்குறைய காலியாகிவிட்ட பூஸ்டரின் எடையோ அதைவிடக் குறைவு. ஆகவே ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் நின்று இடம் பார்த்து இறங்க வழியில்லை. வேகம் சுழியைத் தொடும் கணமும் கால் தரையைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாகச் சுழியானால் மறுபடி மேலே கிளம்பிவிடும், தாமதமானால் மோதிவிடும். துறைக்காரர்கள் இதற்கு ஹோவர்ஸ்லாம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். கால்கள் கடைசிச் சில நொடிகளில்தான் விரியும். காலுக்குள் அலுமினியத் தேன்கூட்டு உருளை ஒன்று உண்டு. இறக்கம் சற்று முரடாக இருந்தால் அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிறகு அந்த உருளையை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு பெரிய எஞ்சினுக்குப் பதில் ஒன்பது சிறியவற்றை வைத்தது இங்கேதான் கைகொடுத்தது. ஒற்றை எஞ்சின் ராக்கெட்டாக இருந்தால் காலி உடலுக்கு ஏற்ற அளவுக்கு அதை அடக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

கேள்வி: இத்தனை கஷ்டம் எதற்கு? பாராசூட் கட்டிவிட்டால் போதாதா?

பதில்: ஃபால்கன் 9-இன் முதல் பயணங்களில் அதைத்தான் முயன்றார்கள். பாராசூட் விரியும் முன்பே, காற்றுமண்டலத்தில் நுழையும்போதே பூஸ்டர் உடைந்துவிட்டது. நுழைவு எரிப்பு என்ற யோசனைக்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம். விரிந்தாலும் 25 டன் எடையுள்ள மெல்லிய தொட்டி கடலில் விழும். எஞ்சினுக்குள் உப்புநீர் புகுந்தால் பிரித்து மேய வேண்டியதுதான். நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் திட எரிபொருள் பூஸ்டர்கள் பாராசூட்டில் கடலுக்கு வந்தன என்றால், அவை தடித்த எஃகுக் குழாய்கள். நுட்பமான பம்பு எதுவும் உள்ளே கிடையாது. மூக்குக் கூட்டின் இரு பாதிகளுக்கு மட்டும் இன்றைக்கும் பாராசூட் பயன்படுகிறது. ஜோடிக்குச் சுமார் 60 லட்சம் டாலர் ஆகும் அவற்றைக் கடலிலிருந்து அள்ளி, கழுவி, மறுபடி மாட்டுகிறார்கள்.

கேள்வி: ஆரம்பத்தில் வெடித்துச் சிதறிய காட்சிகளைத்தான் நிறையப் பார்த்தோம். என்ன தவறு நடந்தது?

பதில்: ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. 2015 ஜனவரியில் துடுப்புகளை அசைக்கும் ஹைட்ராலிக் திரவம் இறங்கி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. மேடையின் மீது சாய்ந்து மோதியது. அடுத்த பயணங்களில் கூடுதல் திரவம் வைத்தார்கள். 2015 ஏப்ரலில் எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு சொன்ன பேச்சைத் தாமதமாகக் கேட்டது. கணினி திருத்த, வால்வு பின்தங்க, பூஸ்டர் ஆடிக்கொண்டே வந்து கவிழ்ந்தது. 2016 ஜனவரியில் மேடையைப் பூப்போலத் தொட்டது. ஆனால் ஒரு கால் பூட்டிக்கொள்ளவில்லை. ஏவும்போது இருந்த மூடுபனியில் பூட்டு மீது பனிக்கட்டி படிந்திருக்கலாம் என்றார்கள்.

2018 பிப்ரவரியில், மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி முதன்முதலாகப் பறந்தபோது பக்கவாட்டுப் பூஸ்டர்கள் இரண்டும் ஜோடியாக இறங்கியதை உலகமே பார்த்தது. நடு பூஸ்டர் கடலில் மோதியதைப் பலர் மறந்துவிட்டார்கள். எஞ்சினைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. ட்ரைஎதைல் அலுமினியமும் ட்ரைஎதைல் போரானும் கலந்த திரவத்தைப் பீய்ச்சுவார்கள். ஆக்சிஜன் பட்டவுடன் அதுவே பற்றிக்கொள்ளும். அன்றைக்கு நடு பூஸ்டரில் அந்தத் திரவம் போதவில்லை. மூன்று எஞ்சின் எரிய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் எரிந்தது.

எங்கள் பார்வையில் மிகவும் பாடம் சொல்லும் தோல்வி 2018 டிசம்பரில் நடந்தது. துடுப்பின் ஹைட்ராலிக் பம்பு நின்றுபோய், பூஸ்டர் பம்பரமாகச் சுழன்றபடி வந்து, கரைக்குப் பக்கத்தில் கடலில் இறங்கியது. தரையில் ஒருவருக்கும் ஆபத்து இல்லை. அது அதிர்ஷ்டம் அல்ல. தரையில் இறங்க வரும் பூஸ்டரின் குறி முதலில் கடலை நோக்கியே வைக்கப்பட்டிருக்கும்; எல்லாம் சரியாக இருக்கிறது என்று கணினிக்குத் தெரிந்தால் மட்டும் கடைசிக் கட்டத்தில் தரைக்கு மாறும்.

கேள்வி: எத்தனை முறை பறந்தால் லாபம்?

பதில்: இந்த ஒரு கேள்விக்குத் துறைக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு. இரண்டாவது பயணத்தில் செலவு சமன், மூன்றாவதில் லாபம் என்று மஸ்க் 2020இல் சொன்னார். போட்டி நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸின் தலைவராக இருந்த டோரி ப்ரூனோ, சராசரியாக 10 பயணமாவது வேண்டும் என்று வாதாடினார். இருவரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். போட்ட எண்கள் வேறு.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். புது ராக்கெட்டின் ஒரு பயணச் செலவு 100 என்று வையுங்கள்; பூஸ்டர் 60, மற்றவை 40. மீட்டுச் சீர்செய்ய ஒரு தடவைக்கு 10 ஆகிறது. இறக்குவதற்காக 30 சதவீதச் சுமையை விட்டுக்கொடுக்கிறோம். பூஸ்டர் இரண்டு முறை பறந்தால் பயணச் செலவு 30 + 40 + 10 = 80. ஆனால் ஏற்றியதோ 70 சதவீதம்தான், 80-ஐ 0.7-ஆல் வகுத்தால் 114. நஷ்டம்! மூன்று முறை பறந்தால் சரியாக 100. ஐந்து முறைக்கு 89, பத்துக்கு 80, இருபதுக்கு 76. பத்தைத் தாண்டினால் லாபம் எறும்பு ஊர்வது போலத்தான் கூடுகிறது. ஏனென்றால் மிச்சமிருப்பதில் பெரியது ஒவ்வொரு முறையும் தூக்கி எறியும் இரண்டாம் அடுக்கின் விலை.

இந்தக் கணக்கில் ஒரு எண்ணை அசைத்தால் போதும், முடிவு புரண்டுவிடும். உங்கள் செயற்கைக்கோள் மூன்று டன்தான் என்றால் விட்டுக்கொடுத்த சுமை உங்களுக்கு வேண்டியதே இல்லை, 0.7-ஆல் வகுக்க வேண்டாம். இரண்டாம் பயணத்திலேயே லாபம். சீர்செய்யும் செலவு 10-க்குப் பதில் 35 ஆகிவிட்டால் எத்தனை முறை பறந்தாலும் கரைசேர முடியாது. இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பூஸ்டர் திரும்பி வந்தால் தொழிற்சாலையில் வேலை குறையும். வருடத்துக்கு 40 செய்த இடத்தில் 4 செய்தால், அதே கட்டடத்துக்கும் அதே ஆட்களுக்கும் ஆகும் செலவு நான்கின் தலையில் விழும். வருடத்துக்கு எட்டு, பத்து முறை மட்டும் ஏவும் நிறுவனத்துக்கு மறுபயன்பாடு ஆடம்பரமாகக்கூட முடியலாம். ஸ்பேஸ்எக்ஸ் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியது தன் சொந்த ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களைத் தானே ஏற்றிக்கொண்டதால். 2024இல் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் பறந்தன. பாதிக்கு மேற்பட்டவை ஸ்டார்லிங்க் பயணங்கள்.

லாபம் வாடிக்கையாளருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் கொஞ்சம் கைப்புதான். அறிவிக்கப்பட்ட கட்டணம் 6.2 கோடி டாலராக இருந்தது, 2022இல் 6.7 கோடியானது. சொந்தச் செலவு இறங்க, விலை ஏறியிருக்கிறது. எதிரே நிற்க ஆள் இல்லாத கடையில் தள்ளுபடி எதற்கு?

கேள்வி: ஸ்பேஸ் ஷட்டிலும் திரும்பத் திரும்பப் பறந்ததுதானே? அது ஏன் மலிவாகவில்லை?

பதில்: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை அது. 1981 முதல் 2011 வரை 135 பயணங்கள். திட்டச் செலவு முழுவதையும் வகுத்தால் பயணத்துக்குச் சுமார் 150 கோடி டாலர். வருடத்துக்குப் பல பத்துப் பயணங்கள் என்று கணக்கிட்டுத் தொடங்கினார்கள். அதிகம் பறந்த வருடமான 1985இலேயே ஒன்பதுதான்.

விண்கலத்தின் உடம்பில் 24,000-க்கும் மேல் வெப்ப ஓடுகள். பெரும்பாலும் ஒன்றின் வடிவம் மற்றொன்றுக்கு வராது. ஒவ்வொன்றையும் கையால் சோதித்து, பழுதானதை அளவெடுத்து மாற்ற வேண்டும். முதன்மை எஞ்சின்களைக் கழற்றிப் பரிசோதித்துத்தான் மறுபடி மாட்டினார்கள். பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டி ஒவ்வொரு முறையும் புதுசு. ஆள் இல்லாமல் ஏவ முடியாத கலம் என்பதால், ஒரு சின்ன மாற்றத்தைப் பரிசோதிக்கக்கூட உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. வடிவமைப்பு அப்படியே உறைந்துபோனது.

ஃபால்கன் 9-க்கு இந்த வசதி வாய்த்தது: சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, வீணாகப் போகவிருந்த பூஸ்டரை வைத்து இறங்கிப் பழகினார்கள். வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று; பூஸ்டர் உடைந்தால் நஷ்டம் இல்லை. 2015 டிசம்பரில் முதல் இறக்கம். 2016 ஏப்ரலில் மேடையில் இறங்கிய பூஸ்டர் 2017 மார்ச்சில், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மறுபடி பறந்தது. திரும்பி வந்தவற்றைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்த தேய்மானத்தையெல்லாம் திருத்தி 2018 மேயில் பிளாக் 5 என்ற வடிவம் வந்தது. 2025இல் ஒரே பூஸ்டர் 9 நாள் இடைவெளியில் மறுபடி பறந்திருக்கிறது. 30 பயணங்களைத் தாண்டிய பூஸ்டரும் உண்டு. கண்ணைக் கவர்வது இறக்கம்தான், ஆனால் ஒரு வருடம் ஒன்பது நாளானதே பெரிய சாதனை என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: இருபது முறை பறந்த பழைய பூஸ்டரை நம்பி விலை உயர்ந்த செயற்கைக்கோளையும் மனிதரையும் ஏற்றலாமா?

பதில்: நாசா ஏற்றுகிறது. 2021 ஏப்ரலில் நான்கு பேர் ஏற்கெனவே பறந்த பூஸ்டரிலும் ஏற்கெனவே பறந்த ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலத்திலும் விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள்.

பெரிய தோல்விகளைப் புரட்டிப் பார்த்தால் ஆச்சரியம் ஒன்று தெரியும். 2015 ஜூனில் வானில் சிதறிய ஃபால்கன் 9-இல், இரண்டாம் அடுக்கின் ஆக்சிஜன் தொட்டிக்குள் ஹீலியம் உருளையைப் பிடித்திருந்த தாங்குகம்பி, தாங்க வேண்டிய விசையில் ஐந்தில் ஒரு பங்கிலேயே முறிந்தது. 2016 செப்டம்பரில் ஏவுதளத்திலேயே வெடித்ததற்கும் காரணம் இரண்டாம் அடுக்கின் ஹீலியம் உருளை. 2024 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களைத் தவறான உயரத்தில் கைவிட்டது, இரண்டாம் அடுக்கில் அழுத்தமானியின் மெல்லிய குழாய் விரிசல் விட்டு ஆக்சிஜன் கசிந்ததால். மூன்றிலும் தவறியது அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பயன்பட்ட புதிய பாகம். புதுப் பொருளில் தயாரிப்புப் பிழை ஒளிந்திருக்கும். பறந்து வந்த பொருளில் அந்தப் பிழை பெரும்பாலும் வெளியே வந்திருக்கும்.

பழையதற்கென்றே உள்ள வியாதிகளும் உண்டு. 2020 மார்ச்சில் ஐந்தாம் முறை பறந்த பூஸ்டரில், சுத்தம் செய்யப் பயன்படுத்திய ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு உணரியில் சிறிது தங்கிவிட்டது. மேலேறும்போது அது பற்றிக்கொண்டு ஒரு எஞ்சின் நின்றது. மற்ற எட்டும் சரக்கைச் சேர்த்துவிட்டன, பூஸ்டர் திரும்பவில்லை. 2021 பிப்ரவரியில் எஞ்சினைச் சுற்றியுள்ள வெப்ப உறை தேய்ந்து ஓட்டை விழுந்து, சூடான வாயு உள்ளே புகுந்தது. அதிலும் அதே கதைதான். 2024 ஆகஸ்டில் 23-ஆம் பயணம் முடித்த ஒரு பூஸ்டர் மேடையில் இறங்கியதும் தீப்பிடித்துச் சாய்ந்தது. கவனியுங்கள், மூன்றிலும் சரக்கு போய்ச் சேர்ந்தது.

கேள்வி: இரண்டாம் அடுக்கையும் அப்படியே இறக்கினால் என்ன?

பதில்: பூஸ்டர் திரும்பும் வேகம் நொடிக்குச் சுமார் 2.3 கி.மீ.; சுற்றுப்பாதையில் உள்ள இரண்டாம் அடுக்கின் வேகம் 7.8 கி.மீ. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால், ஒவ்வொரு கிலோவும் கரைக்க வேண்டிய ஆற்றல் பதினோரு மடங்குக்கு மேல். வெப்பக் கவசம் இல்லாமல் முடியாது. அந்தக் கவசத்தின் எடைக்கும் தண்டனை கடுமை. முதல் அடுக்கில் 5 முதல் 10 கிலோ கூடினால் சரக்கில் ஒரு கிலோ குறையும். இரண்டாம் அடுக்கிலோ கிலோவுக்குக் கிலோ போய்விடும். ஃபால்கன் 9-இன் இரண்டாம் அடுக்கை மீட்கும் யோசனையை இதனால்தான் கைவிட்டார்கள்.

ராக்கெட்டைப் பெரிதாக்கினால் இந்த அபராதத்தைத் தாங்கலாம். ஸ்பேஸ்எக்ஸின் அடுத்த பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் தர்க்கம் அதுதான்: உயரம் 120 மீட்டருக்கு மேல், கீழே 33 எஞ்சின், மேலே 6. பூஸ்டருக்குக் கால் கூடக் கிடையாது. கோபுரத்தின் இரு கைகள் அதைப் பிடித்துக்கொள்ளும். 2024 அக்டோபரில் முதன்முறையாகப் பிடித்தன. 2025 மேயில் ஒரு பூஸ்டர் மறுபடி பறந்தது. அதன் 33 எஞ்சின்களில் 29 ஏற்கெனவே பறந்தவை. ஏறும் வேலையை முடித்துக்கொடுத்தது, இறங்கும்போது வெடித்தது. மேலடுக்கு மட்டும் 2025 முடியும்வரை ஒன்றுகூட மறுபடி பறக்கவில்லை. அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் பல்லாயிரம் ஓடுகளைப் பார்க்கும்போது ஷட்டிலின் ஞாபகம் வராமல் இருக்காது. இந்த முறை பெரும்பாலான ஓடுகள் ஒரே அறுகோண வடிவம் என்பது ஒரு ஆறுதல்.

கேள்வி: புதிய எஞ்சின்கள் எல்லாம் மீத்தேனுக்கு மாறுவது ஏன்?

பதில்: மண்ணெண்ணெய் எரிந்தால் கரி படியும். ஒரு முறை பறப்பதற்கு அது பிரச்சினையே இல்லை. முப்பது முறை என்றால் குழாயைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டும். மீத்தேன் சுத்தமாக எரியும். அது கொதிப்பது மைனஸ் 162 டிகிரியில், ஆக்சிஜன் மைனஸ் 183-இல். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் தொட்டிகளுக்கு இடையே ஒரே சுவர் போதும். தொட்டியில் அழுத்தம் தர ஹீலியமும் தேவையில்லை, மீத்தேன் தொட்டிக்குச் சூடாக்கிய மீத்தேன் ஆவியும் ஆக்சிஜன் தொட்டிக்குச் சூடாக்கிய ஆக்சிஜன் ஆவியும் போதும். மேலே சொன்ன தோல்விகளில் ஹீலியம் உருளை இரண்டு முறை வந்ததை நினைவில் வையுங்கள். போட்டி நிறுவனமான ப்ளூ ஆரிஜினின் நியூ க்ளென் ராக்கெட் பூஸ்டரிலும் மீத்தேன் எஞ்சின்கள் ஏழு. 2025 ஜனவரியில் முதல் பயணம், நவம்பரில் இரண்டாம் பயணத்திலேயே மேடையில் இறங்கிவிட்டது.

கேள்வி: "தனியார்" என்கிறார்கள். ஆனால் பணம் நாசாவுடையதுதானே?

பதில்: பெரிய அளவில் ஆமாம். 2008 டிசம்பரில் சரக்குக் கொண்டுபோகும் 12 பயணங்களுக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்திருக்காவிட்டால் ஸ்பேஸ்எக்ஸ் இன்று இருக்குமா என்பது சந்தேகமே. மாறியது பணம் வந்த வழி அல்ல, பணம் கொடுத்த விதம். பழைய முறையில் ஒப்பந்தக்காரர் செலவைக் காட்டுவார். அரசு அந்தச் செலவோடு லாபத்தையும் சேர்த்துக் கொடுக்கும். தாமதமானால் ஒப்பந்தக்காரருக்கு வருமானம்தான். தனியார் சரக்குக் கலங்களுக்காக 2006இல் தொடங்கிய திட்டத்தில் நாசா ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான தொகை வைத்தது. கட்டத்தைத் தாண்டினால்தான் காசு. முதலில் தேர்வான ராக்கெட்பிளேன் கிஸ்லர் என்ற நிறுவனம், முதலீடு திரட்ட முடியாததால் 2007இல் வெளியேற்றப்பட்டது. ஃபால்கன் 9-ஐப் பழைய வழியில் செய்தால் 400 கோடி டாலரை ஒட்டி ஆகியிருக்கும் என்று நாசாவின் சொந்தக் கணிப்பு மாதிரி பின்னால் சொன்னது. நிறுவனம் செலவழித்தது சுமார் 30 கோடி.

நிலையான விலை எல்லோருக்கும் வரமாகிவிடாது. 2014இல் விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்லும் கலத்துக்குப் போயிங்குக்கு 420 கோடி, ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி. கூடுதலாக வாங்கிய போயிங்கின் ஸ்டார்லைனர் 2024இல் ஏற்றிச்சென்ற இருவர் 2025 மார்ச்சில் டிராகனில்தான் திரும்பினார்கள். அதிகப்படிச் செலவு நிறுவனத்தின் கணக்கிலேயே விழுந்தது.

கேள்வி: பத்து நிமிடம் போய்வருபவரும் விண்வெளிப் பயணி, ஆறு மாதம் இருப்பவரும் விண்வெளிப் பயணியா?

பதில்: பெயர் ஒன்று, பயணம் வேறு. ப்ளூ ஆரிஜினின் நியூ ஷெப்பர்டு, 100 கி.மீ.க்குச் சற்று மேலே தொட்டுவிட்டு அப்படியே விழும் சிறு ராக்கெட். புறப்பாட்டிலிருந்து இறக்கம் வரை ஏறக்குறைய 11 நிமிடம், எடையின்மை மூன்று நான்கு நிமிடம். அதற்கு நொடிக்கு ஒரு கி.மீ. அளவு வேகம் போதும். சுற்றுப்பாதையில் தங்க 7.8 வேண்டும். நியூ ஷெப்பர்டை 2015 நவம்பரிலேயே இறக்கிக் காட்டிய ப்ளூ ஆரிஜின், சுற்றுப்பாதை ராக்கெட்டின் பூஸ்டரை இறக்கப் பத்து வருடம் ஆனதற்குக் காரணமும் இந்த இடைவெளிதான்.

டிக்கெட் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்கச் சட்டப்படி அரசு பார்ப்பது தரையில் இருப்பவர்களின் பாதுகாப்பை. பயணியின் பாதுகாப்புக்கு விதி வகுப்பது 2028 தொடக்கம் வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஆபத்தை எழுத்தில் சொல்லி, பயணியிடம் கையெழுத்து வாங்குவது நிறுவனத்தின் கடமை, அவ்வளவே. அதே சமயம் 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவின்படி தனியார் செய்வதற்கும் அந்தந்த நாடே உலகத்துக்குப் பொறுப்பு.

கேள்வி: நேரலையில் ஏவுதலைப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஸ்டார்லிங்க் பயணத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் ராக்கெட் மீது காற்று மோதும் அழுத்தம் உச்சம். எஞ்சின்கள் சற்று அடங்கும். இரண்டரை நிமிடத்தில் பிரிவு. எஞ்சின் பற்றும் கணத்தில் பச்சை நிறம் பளிச்சிட்டால், அது மேலே சொன்ன பற்றவைப்புத் திரவத்தில் உள்ள போரான். மூன்றாம் நிமிடத்தை ஒட்டி மூக்குக் கூடு கழன்று விழும். ஆறு நிமிடம் தாண்டியதும் பூஸ்டரின் வேக எண் சட்டென்று குறையத் தொடங்கினால் நுழைவு எரிப்பு நடக்கிறது. எட்டரை நிமிடத்துக்குச் சற்று முன்னால் இறக்கம். சரியாக அந்த நொடியில் மேடையிலிருந்து வரும் படம் உறைந்தால் பதற வேண்டாம். இறங்கும் ராக்கெட்டின் அதிர்வில் மேடையின் ஆன்டெனா செயற்கைக்கோளைத் தவறவிடுகிறது.

எல்லோரும் கைதட்டும் அந்தச் சமயத்தில் திரையின் மறுபாதியையும் பாருங்கள். இரண்டாம் அடுக்கின் எஞ்சின் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். இறக்கம் முடிந்து சில நொடிகள் கழித்துத்தான் அது அணையும். சரக்கு பிரிய இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது.